ஐஸ் பெட்டியில் காபிக்கொட்டை

போன ஆடியில் புருஷன் விமல் உடைத்தது பூவிழியின் இடது மணிக்கட்டை. கட்டுப் பிரித்த அன்று, இன்னொரு முறை கை வைத்தால் ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறிவிடுவேன் என்று அவனிடம் சொன்னாள். அம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான். அதை ஏழு மாதம் காத்தான்.

கல்யாணத்துக்கு முன் அவள் சென்னையில் ஒரு காபிக்கடையில் வேலை பார்த்தவள். வறுத்த கொட்டையில் காற்றும் ஈரமும் வெளிச்சமும் படக் கூடாது. மாதம் கால் கிலோ வரவழைத்து, மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைப்பாள். குடிக்கும்போது மட்டும், மேசையில் முடுக்கியிருந்த இரும்பு மிஷினில் கையால் அரைப்பாள். வாசலில் அடிக்கும் ஏரிக்காற்று அந்த டப்பாவுக்குள் போனதில்லை.

அன்று காலை, விமலின் மீன்பிடிப் படகில் பாதிப் பங்குள்ள தனசேகர் வந்தான். விமல் காபி போடச் சொன்னான். டப்பா காலியாக இருந்தது. கொட்டையை நேற்றே இடம் மாற்றிவிட்டதாகவும் இனி ஒரு வருஷமானாலும் கெடாது என்றும் சொல்லி, விமல் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினான். இறாலுக்கு நடுவில் ஒரு துணி மூட்டை, சொட்டச் சொட்ட. அவளுக்காகச் செய்திருந்தான். முகத்தில் தெரிந்தது.

அவள் வேண்டாம் என்றாள். அவன் போடு என்றான். போட்டாள்.

தனசேகர் ஒரு வாய் குடித்து வாசலில் துப்பினான்.

"இன்னா மச்சான், எறா கொழம்புல பால் ஊத்திக்கினியா?"

சிரித்துக்கொண்டே போனான். விமலும் சிரித்தான். செருப்புச் சத்தம் தேய்ந்ததும் நிறுத்தினான்.

வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டான். கொட்டை பக்கத்தில் இருக்கும் வாடையை இழுத்துக்கொள்ளும் என்றாள்.

"இன்னா வாடை? சொல்லுடி."

"உன் எறா வாடை."

முதல் அறையில் உதடு கிழிந்தது. இரண்டாவதில் ஒரு பல் நாக்கின் மேல் விழுந்தது. இடது கையால் முடியைப் பிடித்து மேசையில் மோதினான். மிஷினின் திருகு கழன்றது. மறுபடி மோத, வலது கையை மேசையில் ஊன்றிக்கொண்டான்.

அவள் மிஷினை எடுத்து அந்தக் கையின் மேல் இறக்கினாள். எலும்பு உடைவது கேட்டது. மறுபடி இறக்கினாள். வலை வீசும் கை.

அவன் தரையில் உட்கார்ந்து கத்தினான். அவள் ரத்தத்தைத் துப்பினாள். ஐஸ் பெட்டியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"ஐஸ்ல வச்சிக்கோ. கெடாது."

காலி டப்பாவின் உட்புறத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, மூடி, பையில் வைத்தாள். ஆரம்பாக்கம் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. வெயிலில் நின்றாள்.