வாளித் தண்ணீரில் ஒரு துணிக்கை உப்பு

இந்தக் காலத்தில் களைப்பு என்று வாய் திறந்து சொல்லக் கூடாது. சொன்ன உடனே எதிரில் நிற்பவர் வைத்தியர் ஆகிவிடுகிறார். இத்தாலியில், சீசா என்கிற பகுதியில் நாங்கள் இருக்கும் கட்டிடத்தில் மட்டும் இப்படி நாலைந்து வைத்தியர்கள். ஒருவர் மீன்கடையில் வேலை, இன்னொருவர் சிஞ்ஞோரா ஒருத்திக்கு, ஒரு இத்தாலிய வீட்டுக்கார அம்மாவுக்குச் சமைப்பவர். எல்லோருக்கும் தெரிந்த வருத்தம் ஒன்றுதான்: இரத்தம் காணாது. எல்லோரிடமும் உள்ள மருந்தும் ஒன்றுதான்: இரும்புக் குளிசை. கச்சான் கடலை தருவதுபோலப் பையில் இருந்து எடுத்து நீட்டுவார்கள். நான் வாங்கவில்லை. யாரையும் நம்பி எதையும் விழுங்குகிற ஆள் இல்லை நான்.

ஆனால் களைப்பு இருந்தது. பொலிதேயாமாப் பக்கம் ஒரு பழைய மாடிக் கட்டிடத்தின் படிகளைக் கழுவுவது என் வேலை. இரண்டாம் மாடியிலேயே குந்தி இருக்கத் தொடங்கினேன். இரண்டு கையிலும் சுட்டுவிரல், நடுவிரல் மொழிகள் வீங்கி நொந்தன. மாரி காலத்திலும் நான் கறுத்துக்கொண்டே வருகிறேன் என்று மனைவி ஞானம்பிகை சொன்னாள். கறுத்தவன் இன்னும் கறுப்பதை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டேன். அவள் விடவில்லை. பெரிய ஆசுப்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே தொத்தோரெஸ்ஸா லா மாந்தியா என்று ஒரு பெண் வைத்தியர். என் மகள் வயது இருக்கும். கை குலுக்கியவர் கையை விடாமல், நொந்த அந்த இரண்டு மொழிகளையும் பார்த்து அமர்த்தினார். நான் அதுவரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. திகைத்துப் போனேன். வெளியே காட்டவில்லை.

இரத்தம் எடுத்தார்கள். திரும்பப் போனபோது அவர் சொன்னது தலைகீழாக இருந்தது. இரும்பு காணாமல் இல்லையாம், கூடிப்போய்க் கிடக்கிறதாம். இரும்பைப் பெட்டியில் போடுவதுபோலப் போட்டு வைக்கிற ஒரு புரதம் இரத்தத்தில் உண்டாம். அதை அளந்தால் உள்ளே எவ்வளவு கிடக்கிறது என்று தெரியுமாம். நல்ல உடம்பில் ஓர் ஆணி செய்யும் அளவு இரும்பு; என்னிடம் ஒரு பிடி ஆணிக்குக் காணும் இரும்பு. அதோடு இன்னொரு சின்னப் புரதம். வயிற்றில் இரும்பு வந்தால், போதும் கதவைச் சாத்து என்று ஈரல் அதைத்தான் அனுப்புமாம். என் ஈரல் அனுப்பவில்லை. கிழமைக்கு ஒரு பை இரத்தம் எடுத்து வீசவேண்டும், இல்லாவிட்டால் ஈரல் இறுகிப்போகும், பிறகு ஒருவராலும் ஒன்றும் செய்ய ஏலாது என்றார்.

களைத்து விழுகிறவனிடம் இரத்தத்தைப் பறிப்பதா? யாரோ ஒருவரின் இரத்தத்தை என்னுடையது என்று பார்த்துவிட்டீர்கள், திரும்ப அளந்து பாருங்கள் என்றேன். அவர் சண்டைக்கு வரவில்லை. சரி என்றார்.

இவர்களின் பிழையைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வழி எனக்குத் தோன்றியது. இரண்டாம் தரம் இரத்தம் கொடுக்கிறதற்கு முதல் நாள், ஞானம்பிகை தனக்கென்று வைத்திருந்த இரும்புக் குளிசையில் காலையிலும் இரவிலும் ஒவ்வொன்று விழுங்கினேன். மிசின் உண்மையானது என்றால் ஏதாவது மாறவேண்டும். மாறாவிட்டால் இவர்கள் மனம்போனபடி எழுதுகிறார்கள்.

முடிவு வந்தது. சின்னப் புரதம் முன்பு போலவே, இல்லாததுபோலத்தான். நான் குளிசை மட்டையை மேசையில் வைத்தேன். விழுங்கிப் பார்த்தேன், உங்கள் மிசினுக்குத் தெரியவில்லையே என்றேன்.

“அது என்ரை குளிசையெல்லே,” என்றாள் ஞானம்பிகை. “ரெண்டு நாளா வீடெல்லாம் தேடுறன். களவெடுத்துத் திண்டனீங்களோ?”

தொத்தோரெஸ்ஸா கோபிக்கவில்லை. எப்போது விழுங்கினீர்கள் என்று கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். அவர் இத்தாலியனில் சொன்னதை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படித்தான் வரும்:

“வேறை ஆருக்கும் எண்டால் அந்தப் புரதம் ஒரு நாளிலை பல மடங்கு ஏறியிருக்கும். உங்கடை ஈரலுக்கு இரும்பு வந்ததே விளங்கேல்லை. உங்களிட்டைக் கேக்க எனக்கு மனம் வராத சோதினையை நீங்களே செய்துபோட்டியள்.”

நான் வைத்த பொறியில் நானே நின்றேன்.

அந்தப் புரதம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று கேட்டேன். அவர் கதவுக்கு வெளியே, ஒரு பெண் நிலம் துடைத்துக்கொண்டிருந்த வாளியைக் காட்டினார். அந்த வாளி நிறையத் தண்ணீர், அதற்குள் தூள் உப்பில் ஒரே ஒரு துணிக்கை. நல்ல உடம்பில் அவ்வளவுதான். மிசின் அதைத் தேடிப் பிடித்து அளக்கும். என்னில் அந்தத் துணிக்கையும் இல்லை.

முப்பது வருடம் வாளி தூக்கியவன் நான். ஒரு வாளியில் ஒரு துணிக்கை உப்பைக் கரைத்தால் நாக்குக்கும் தெரியாது, ஆண்டவனுக்குத்தான் தெரியும் என்று இருந்தேன். இங்கே ஒரு இரும்புப் பெட்டிக்கும் தெரிகிறது. நடையில் இருந்தவர்களைப் பார்த்தேன். கைத்தடியோடு ஒரு கிழவன், கன்னியாஸ்திரி ஒருவர், பிள்ளைக்கு பிஸ்கற் ஊட்டும் ஒரு தாய். அத்தனை பேருக்குள்ளும் அந்தத் துணிக்கை காவல் நிற்கிறது. பிள்ளை பிஸ்கற்றைக் கடிக்கக் கடிக்க உள்ளே ஒன்று, இவ்வளவு காணும், கதவைச் சாத்து என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒருவருக்கும் தெரியாது.

சேட்டுக் கையை மடித்துக் கையை நீட்டினேன்.

பை ஒரு சின்னத் தட்டில் மெல்ல ஆடி ஆடி நிறைந்தது. கறுப்பும் சிவப்புமாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடு. என் ஈரலில் கிடந்த ஆணிகள் தண்ணீராகி வெளியே போகின்றன என்று நினைக்க உடம்பு சிலிர்த்தது.

வாசலில் ஞானம்பிகை கேட்டாள்: “இப்ப நம்புறியளோ?”

“கண்ணாலை காணாத ஒண்டை எப்பிடி நம்பிறது?”

“அப்ப ஏன் கையை நீட்டினனீங்கள்? வாற கிழமையும் வாறன் எண்டு ஏன் சொன்னனீங்கள்?”

பஞ்சு ஒட்டிய கையை மடித்துப் பிடித்துக்கொண்டு, நம்பாமலே பஸ் தரிப்புக்கு நடந்தேன்.