தொப்புளில் தூவிய மாவு

பொம்மைப் பட்டறையில் வேலை செய்யும் கொளஞ்சிநாதனுக்கு ஒரு கர்வம் உண்டு. ஈரத்தைப் பற்றித் தன்னைவிடத் தெரிந்தவன் விருத்தாசலத்தில் கிடையாது என்பான். சுடாத பச்சைப் பொம்மை பலகையில் ஒட்டாமலிருக்கத் தூவும் பீங்கான் மண் மாவு எந்த ஈரத்தையும் இழுத்துவிடும். அதைச் செருப்பில் போட்டான், அக்குளில் போட்டான். அதுவரை யாருக்கும் கெடுதல் இல்லை.

அவன் மனைவி பூங்கோதைக்கு மாதம் நிறையும் முன்பே பெண் குழந்தை பிறந்தது. தொப்புளில் எதையும் வைக்கக் கூடாது, கொடி தானாகக் காய்ந்து விழும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார். கம்மாபுரத்தில் மாமியார் வீட்டுக்குப் பிள்ளையைப் பார்க்கப் போனவன், கொடி கசகசவென்று இருப்பதைக் கண்டான். நர்ஸுக்கு ஈரத்தைப் பற்றி என்ன தெரியும்? மறுநாள் பட்டறை மாவுப் பொட்டலத்தோடு வந்து, பூங்கோதை குளிக்கப் போன நேரம் பார்த்துத் தூவினான். மாமியார் மாரியம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். மாப்பிள்ளையைத் தடுத்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

இரண்டே நாளில் பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தியது. உடம்பு சில்லிட்டது. ஆட்டோ பிடித்து விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சேதி கேட்டுக் கொளஞ்சிநாதனும் அங்கே வந்து சேர்ந்தான்.

பனிக்குடம் முன்கூட்டியே உடைந்ததா, தாய்க்குக் காய்ச்சல் இருந்ததா என்று டாக்டர் விசாரித்தார். இரண்டும் இல்லை. துணியை விலக்கியதும் முகம் மாறினார். தொப்புளைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது போலிருக்கிறது, குறைமாதப் பிள்ளைக்கு இது உயிருக்கே ஆபத்து என்றார்.

"தொப்புள்ள என்ன வச்சீங்க?"

கொளஞ்சிநாதன் சுவரைப் பார்த்தான்.

"நாந்தாங்க விபூதி வச்சேன்," என்றாள் மாரியம்மாள்.

வார்டு முழுக்கக் கேட்கும்படி டாக்டர் அவளைத் திட்டித் தீர்த்தார். கொளஞ்சிநாதனுக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாகவே இருந்தது. இப்படியும் ஒரு ஆம்பளை.

பூங்கோதை அழுதுகொண்டே தாயிடம் திரும்பினாள்.

"இனிமே எம்புள்ளய நீ தொடாத."

மாரியம்மாள் கட்டிலைவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள். மாப்பிள்ளையின் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். வெட்கம் பிடுங்கித் தின்ன, டாக்டரின் பின்னால் ஓடினான்.

"விபூதி இல்லீங்க. பட்டறை மண்ணு. நாந்தான் போட்டேன்."

மண் என்றால் அதற்கு வேறு மருந்தும் சேர்த்துப் போட வேண்டும், இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று டாக்டர் கேட்டார். வார்டே இப்போது அவனைப் பார்த்தது. பூங்கோதையும் பார்த்தாள். அதன்பிறகு அவனோடு பேசவில்லை.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. மறுபடி பால் குடிக்கத் தொடங்கிய அன்று, தாயைத் தவிர இன்னொருவர் கை கழுவிக்கொண்டு வந்து தூக்கலாம் என்றார் நர்ஸ். அவன் மாமியாரைப் போகச் சொன்னான். அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

"நீங்க போங்க மாப்ள. தகப்பன்தான மொதல்ல தூக்கணும்."

கொளஞ்சிநாதன் குழாயடியில் கை கழுவினான். போதும் என்று நர்ஸ் சொன்ன பிறகும் கழுவினான். மாமியாருக்கு முகம் காட்டாமல் நிற்க அவனுக்கு அந்த இடம்தான் இருந்தது.