தோர்த்தியா அம்மா சொல்லாத வாக்கியம்

1

இந்தக் கதையை ஏற்கெனவே ஒரு முறை எழுதிவிட்டேன். ஒரு புகைப்படத்துக்குக் கீழே, நூற்றிருபது சொற்களில், சம்பளத்துக்கு. அதில் ஒரு வாக்கியம் பொய். அது செய்த வேலையைச் சொல்லத்தான் மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

'ரோத்தே தீவில் விடிந்துகொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் தோர்த்தியா…'

வேண்டாம். இது அந்தப் பழைய கையின் பழக்கம்.

'இந்தோனேசியாவின் கூப்பாங் நகரில், ஒரு தொண்டு நிறுவனத்தில், அவள் வெற்றிக்கதைகள் எழுதிக்கொண்டிருந்தாள்.'

அந்த அவள் நான்தான். 'நான்' என்று எழுதக் கூசியது.

2

முகப்பூச்சு செய்யும் ஒரு கம்பெனியும் எங்கள் தொண்டு நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து, ரோத்தேயில் கடல்பாசி வளர்க்கும் பெண்களுக்குப் புதுக் கயிறும் புதுரக விதைப்பாசியும் கொடுத்தன. பழைய ரகத்தை அவிழ்த்து எறியச் சொன்னோம். ஆறு மாதம் கழித்துக் கேமராவோடு போனேன். தோர்த்தியா அம்மா கரையில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

(அங்கே இளம்பெண்ணை 'நோனா' என்பார்கள், அம்மாவை 'மாமா' என்பார்கள். தமிழில் எழுதினால் அவருக்கு மீசை முளைத்துவிடுகிறது. அதனால் அம்மா. இதுவும் அவரைக் கேட்காமல் நான் செய்யும் திருத்தம்தான்.)

"கயிறு நல்ல கயிறு, நோனா. குறை சொல்ல மாட்டேன். பாசிதான் ஒரே மாசத்துல வெளுத்து உதிர்ந்துபோச்சு. பழசைத் தூக்கிப் போடச் சொன்னீங்களே, அதாச்சும் இருந்திருக்கும். எங்க வீட்டுக்காரர் கலிமந்தானுக்குத் தோட்ட வேலைக்குப் போயிட்டார்." பிறகு சிரித்தார். "போட்டோ எடுக்கணுமா? இரு, வெத்தலை வாயைத் துடைச்சுக்கிறேன்."

இதை அப்படியே எழுதி மேலதிகாரி யோரிஸிடம் கொடுத்தேன்.

"எல்லாம் உண்மைதாங்க. ஆனா கம்பெனிக்காரங்க இதைப் படிச்சா ரெண்டாம் கட்டத்துக்குக் கையெழுத்துப் போடுவாங்களா? கொஞ்சம் நம்பிக்கை வர்ற மாதிரி எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். 'கடல் இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது' என்கிறார் தோர்த்தியா.

அன்று மாலை அதைக் கணவருக்குப் படித்துக்காட்டினேன். நல்ல வரி என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

3

அடுத்த ஆண்டு தீவு முழுக்கப் பாசி வெளுத்து உதிரும் அந்த நோய் பரவியது. பழைய ரக விதைப்பாசியை இலவசமாகக் கொடுக்க எங்கள் நிறுவனமே முன்வந்தது. ஊர்களைப் பட்டியலிட்ட கூட்டத்தில் நானும் இருந்தேன். தோர்த்தியா அம்மாவின் ஊர் வந்தபோது ஒருவர் நான் எழுதிய வெற்றிக்கதையைத் தூக்கிக் காட்டினார். "இது ஜெயிச்ச ஊராச்சே." ஊர்ப்பெயரை அடித்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வாரத்தில் தோர்த்தியா அம்மா படகேறி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். எனக்கென்று பனைவெல்லம் கொண்டுவந்திருந்தார்.

"எங்க ஊர் பேரு ஏன் இல்லைன்னு கேட்டேன். 'நீ சொன்னதாலதான்'னாங்க. நான் என்ன சொன்னேன்? படிச்சுக் காட்டு."

படித்தேன்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு. யார் சொன்னது?"

தாளை மடித்து மேசையில் வைத்தேன்.

"கடல் எங்க நோனா சிரிச்சுது? ஊருதான் சிரிக்குது. 'கடல் சிரிச்ச அம்மா, எங்க விதை எங்கே?'ன்னு தண்ணிக்குப் போற இடத்துலகூடக் கேக்கறாளுங்க."

திருத்திவிடுகிறேன் என்றேன். அந்த வரி அவர் சொன்னதல்ல என்று அன்றே கம்பெனிக்கு ஒரு கடிதமும் எழுதினேன். "வெள்ளிக்கிழமை ரெண்டாம் கட்டக் கையெழுத்து. அது முடியட்டுங்க," என்றார் யோரிஸ். கடிதம் இழுப்பறைக்குள் போனது.*

* நீயே அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் வேலையைப் புதுப்பிக்கும் மாதம் அது. காரணம் அவ்வளவுதான். நியாயம் என்று சொல்லவில்லை.

4

கையெழுத்து விழாவுக்குப் 'பயனடைந்த பெண்மணி'யாக அவரையே அழைத்தார்கள். மேடையில் படிக்க வேண்டிய சீட்டை, அதே வரியோடு, அவர் கையில் கொடுத்தது நான்.

ஒரு முடிவு: அவர் சீட்டைக் கிழித்துப் போட்டு ஒலிபெருக்கியில் உண்மையைப் போட்டு உடைக்கிறார். மூன்று பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. அவர் வாயில் நான் இரண்டாம் முறை சொல்லைத் திணிக்கிறேன் என்று தெரிந்ததும் அழித்தேன்.

இன்னொன்று: நான் மேடையேறி… சிரிப்பு வருகிறது.

நடந்தது இது. படியேறுமுன் என் முழங்கையைப் பிடித்தார். "இதைப் படிச்சா எங்க ஊர் பேரு வருமா?"

"வரும்" என்றேன். எனக்குத் தெரியாது.

எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி, ஒரு பிழையில்லாமல் படித்தார். கைதட்டினார்கள். இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"சரியாச் சொன்னேனா, நோனா?"

தலையை ஆட்டினேன்.

ஊர்ப்பெயர் வந்தது. விதையும் வந்தது, பதினான்கு மாதம் கழித்து. அதற்குள் அவர் மலேசியாவில் யார் வீட்டிலோ சமையல் வேலைக்குப் போய்விட்டார். முகவரி யாரிடமும் இல்லை.

கிடைத்து, இதை அனுப்பினாலும் அவரால் படிக்க முடியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இவள் தமிழில் எழுதுகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம்.

இல்லை என்று சொல்ல மூன்று வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை.