விபத்து என்று படித்துச் சொன்னேன்

1

பாக்கியலட்சுமி கேட்டதற்கு உடனே பதில் சொல்லியிருந்தால் இந்தக் கதை பிறந்தே இருக்காது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்றுதான் கேட்டாள். எனக்கு அர்த்தம் தெரியும். அந்தச் சொல்லை எழுதியதே நான்தான்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘ஹெப்பாள் தொழிற்பேட்டையில் காலைப் பனி விலகிக்கொண்டிருந்தபோது—’

பனியெல்லாம் இல்லை. மே மாதம், செவ்வாய்க்கிழமை, பத்தே முக்கால். தகரக் கூரைக்குக் கீழே நல்ல வெக்கை.

2

பாக்கியலட்சுமியின் கணவர் பழனிமுத்து, ஹனூர் பக்கத்துக்காரர். எங்கள் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக, இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் ஓட்டினார். கை உள்ளே இருந்தால் மிஷின் தானாக நின்றுவிட ஒரு சென்சார் உண்டு. வேலை மெதுவாகிறது என்று பிப்ரவரியில் அதைக் கழற்றிவிட்டார்கள். திரும்ப மாட்டச் சொல்லி அவர் இரண்டு முறை மனு கொடுத்தார். [இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது நான். கன்னடக்காரர்கள் நிறைந்த அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.] அந்தச் செவ்வாய்க்கிழமை, மிஷின் அவருடைய வலது கையில் நான்கு விரல்களை எடுத்துக்கொண்டது.

[இந்த வாக்கியத்தில் குற்றவாளி மிஷின். பாருங்கள், பழக்கம் விடவில்லை.]

3

மேனேஜர் பசவராஜைக் கெட்டவராக எழுதினால் கதை சுலபமாக நகரும். ஆனால் பழனிமுத்துவைத் தன் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். சாயங்காலம் திரும்பி வந்து, சட்டையில் ரத்தக் கறையோடு என் பின்னால் நின்று, நான் தயாரித்துக்கொண்டிருந்த அறிக்கையைப் பார்த்தார். ‘ஆக்சிடென்ட்’ என்று அடித்திருந்தேன்.

“ஆக்சிடென்ட் பேடம்மா,” என்றார். வேண்டாமாம். அப்படி எழுதினால் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருவார், சென்சார் எங்கே என்று கேட்பார். வேறு சொல் பார்க்கச் சொன்னார்.

கணினியில் அந்தச் சொல்லின் மேல் மவுஸை வைத்து அழுத்தினால் அதே அர்த்தமுள்ள சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். மிஸ்ஹாப்: காப்பி கொட்டினாலும் அதைச் சொல்லலாம். மிஸ்ஃபார்ச்சூன்: பழி கடவுள் மேல் போகும், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் நான், மனசு வரவில்லை. இன்சிடென்ட்: ஏதோ நடந்தது, அவ்வளவுதான். அதைப் போட்டேன்.

காரணம் என்ற கட்டம் இன்னும் காலியாக இருந்தது. ‘ஆபரேட்டர் லாப்ஸ்’ என்று போடலாமே என்றேன். மிஷின் ஓட்டியவரின் கவனப் பிசகு.

[இந்த யோசனையை பசவராஜ் சொன்னதாகத்தான் இந்தக் கதையின் முதல் மூன்று பிரதிகளிலும் எழுதியிருந்தேன்.]

4

நான்காம் நாள் கையெழுத்து வாங்க என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பழனிமுத்து கட்டுப்போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துப் படுத்திருந்தார்.

“என்ன எழுதியிருக்குதுங்க மேடம்?”

இன்சிடென்ட் என்றால் சம்பவம், லாப்ஸ் என்றால் பிசகு. இரண்டும் வாயில் வரவில்லை. விபத்து என்று எழுதியிருப்பதாகப் படித்துச் சொன்னேன். அவர் இடது கட்டை விரலை நீட்டினார். மை தடவியதும் நான்தான். நீங்கள் இருப்பதால் எங்களுக்குக் கவலை இல்லை என்றார்—

இதற்கு மேல் இந்தப் பகுதியை எழுத முடியவில்லை.

5

ஆகஸ்டில் அவருடைய இழப்பீட்டு மனுவை, தப்பு அவருடையது என்று சொல்லி நிராகரித்துவிட்டார்கள். அவரும் பாக்கியலட்சுமியும் மறு விசாரணை கேட்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை தேவராஜ மார்க்கெட்டில் நான் பூ வாங்கிக்கொண்டிருந்தபோது பாக்கியலட்சுமி பக்கத்தில் வந்து நின்றாள். போனில் அந்த அறிக்கையின் படம்.

“ஈவ்லின் அக்கா, இந்த லாப்ஸுன்னா என்ன அர்த்தம்ங்க? நீங்க விபத்துன்னுதான் படிச்சீங்கன்னு இவரு சொல்றாரு.”

வீட்டில் டிக்‌ஷனரி பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பதினெட்டு வருடமாக ஆங்கிலக் கடிதம் அடிக்கிறவள் சொல்கிற பதில் இது. அவள் போனை அணைத்தாள். சத்தம் போடவில்லை.

“பாத்துருங்க. பதினொண்ணாந் தேதி விசாரணைங்க. அங்க வந்து சொன்னாப் போதும்.”

6

ஒரு முடிவு எழுதியிருக்கிறேன். அதில் ஈவ்லின் விசாரணைக்குப் போகிறாள். சென்சாரைப் பற்றியும், அந்த இரண்டு மனுக்களைப் பற்றியும், தான் மாற்றிப் படித்ததைப் பற்றியும் சொல்கிறாள். பழனிமுத்து மன்னித்துவிடுகிறார். எழுதும்போது எனக்கு அழுகைகூட வந்தது.

வேலையை ராஜினாமா செய்வதாக இன்னொன்று. அது பாதியில்—

நடந்தது இது. பதினொன்றாம் தேதி நான் லீவு போட்டேன். போவதற்காகத்தான் போட்டேன், புடவைகூடக் கட்டியாயிற்று. பிறகு மேஜையில் உட்கார்ந்து அந்த முதல் முடிவை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்தபோது மணி மூன்று. அவர்கள் இருவரும் காலையிலிருந்து விசாரணை அலுவலகத்துப் பெஞ்சில் காத்திருந்தார்களாம். சாட்சி வரவில்லை என்று விசாரணையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

அதனால் முடிவை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் வேண்டுமானால் எழுதுங்கள். என்னைக் கொண்டுபோய் அந்த விசாரணை அறையில் நிறுத்த உங்களுக்கு ஆசை வரும். எனக்கும் வந்தது. எழுதித் தீர்த்துக்கொண்டேன்.