ஐந்து கயிறும் ஒரு ஹூக்கும்

என் வீட்டுக்காரர் பெருமாளிடம் சரணாகதி செய்துவிட்டு வந்த அன்று, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அடியேனுக்கு இனிமே ஒரு பாரமும் இல்ல" என்று சொல்லிக் கையிலிருந்த காய்கறிப் பையை என்னிடம் நீட்டினார். பாரம் எங்கே வந்து சேர்ந்தது என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக ஊரில் பாதி லிஃப்டுகளுக்கு அவர்தான் வைத்தியர். நான் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து, இடுப்பு பெருத்தவர்களுக்கும் இளைத்தவர்களுக்கும் துணி திருத்திக் கொடுக்கிறவள். ஞாயிறு தவறாமல் இவர் ஓர் ஆசாரியரின் உபன்யாசத்துக்குப் போவார். ஆசாரியர் என்றதும் பழுத்த கிழவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். கன்னம் இரண்டும் பன் மாதிரி இருக்கும், குரல் மட்டும் கணீரென்று வரும்.

அவர் சொன்னது இதுதான். மோட்சத்துக்கு நாமாக முக்கி முனகி ஒன்றும் கிழிக்க முடியாது. 'நீயே கதி' என்று பெருமாள் காலில் விழுந்து பாரத்தை அவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஒரே ஒரு தடவைதான். பிறகு வேறு வழியையும் தேடினால், அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். அதற்கு ஒரு பழைய உதாரணமும் உண்டு. தெய்வ அஸ்திரத்தால் கட்டிப் போட்ட ஒருவனை, எதற்கும் இருக்கட்டும் என்று சணல் கயிற்றாலும் சேர்த்துக் கட்டினார்களாம். அஸ்திரத்துக்கு ரோஷம் வந்து தானே கழன்றுகொண்டதாம்.

நல்ல கதைதான். ஆனால் அதை ஒரு லிஃப்ட் மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கக் கூடாது. கயிறு என்று காதில் விழுந்துவிட்டால் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும்.

மறுநாளே வீட்டில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று இருந்த பொருள்களெல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. இரண்டாவது சாவியைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கித் தூர எறிந்தார். இரண்டு அலாரத்தில் ஒன்றை நிறுத்தினார். குடை போயிற்று. கடைசியில் பெல்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"ஏங்க, பெல்ட் என்ன பாவம் பண்ணுச்சு?"

"பேண்ட்ல ஹூக் இருக்குல்ல? மேல பெல்ட்டும் போட்டா, ஹூக்கை நம்பலன்னு அர்த்தம்."

"ஹூக்குக்கு ரோஷம் வருமா?"

"சிரிக்காத. பழக்கம் சின்ன விஷயத்துலதான் ஆரம்பிக்கும்."

வேலை நேரத்தில் போன் வந்தால், "அடியேன் லிஃப்ட் மெக்கானிக் பேசறேன்" என்பார். எதிர்முனையில் இருப்பவர் தவறான எண் என்று வைத்துவிடுவார். இவரே திரும்பக் கூப்பிட்டு, "அடியேன்தான்" என்பார்.

அந்த ஹூக் என் கையால் வைத்ததுதான். அதன் யோக்கியதை எனக்குத் தெரியாதா? அவருக்கோ வயிறு வருஷத்துக்கு ஒரு அங்குலம் வளர்கிறது. அவர் குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்து, நாளுக்கு ஒன்றாக எல்லா பேண்டிலும் இடுப்புப் பட்டைக்கு உட்புறமாக, மடிப்புக்குள் தெரியாதபடி, இன்னொரு ஹூக் தைத்துவிட்டேன். வெளி ஹூக்கை மாட்டும்போது இதுவும் தானாகவே மாட்டிக்கொள்கிற மாதிரி. தைத்த பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. இது சணல் கயிறு ஆகிவிட்டதோ? நான் போட்ட தையலால் அவருடைய மோட்சம் கழன்றுகொண்டால்? நான் அவ்வளவாக நம்பிக்கைக்காரி இல்லை. ஆனால் அவர் நம்புகிறார், அவர் எனக்கு வேண்டியவர். அதனால் பயந்தேன்.

பயந்தவள் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். ஒருநாள் மழையில் தொப்பலாக நனைந்து அவர் வந்து தும்மியபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"குடை வேணாம், சாவி வேணாம். உங்க லிஃப்டுக்கு மட்டும் எதுக்கு அஞ்சு கயிறு? ஒரு கயிறே மொத்த எடையையும் தாங்கும்னு நீங்கதானே சொல்வீங்க? அதுக்கு மேல பிரேக் வேற!"

அவர் தும்மலைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் ஒரு காகிதத்தைக் காட்டினார். வேலையை விடுகிறேன் என்று எழுதியிருந்தது.

"நீ சொன்னது சரிதான். நம்பிக்கை இல்லாதவங்களுக்குக் கயிறு மாட்டிக் கொடுக்கிறதே என் பொழப்பா இருக்கு. சரணாகதி பண்ணவன் பண்ற வேலையா இது? ஞாயித்துக்கிழமை ஆசாரியர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு, திங்கக்கிழமை குடுத்துடறேன்."

லிஃப்ட் சத்தத்தைக் கேட்டே எந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் வேண்டும் என்று சொல்கிற மனுஷர். வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் பத்தே நாளில் மனசொடிந்துபோவார். எல்லாம் என் வாயால் வந்த வினை. ஞாயிற்றுக்கிழமை நானும் ஒட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆசாரியர் காலில் விழுந்தாவது அதைத் தடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஆசாரியர் இருப்பது ஐந்தாவது மாடி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவரே கீழே லிஃப்ட் வாசலில் நின்று, பட்டனை விறகு உடைக்கிற வேகத்தில் குத்திக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் முகம் ஒரு மாதிரி ஆனது. அந்தக் கட்டடத்தில் மாசத்துக்கு ஒரு பட்டன் உடைகிறது, எந்தப் புண்ணியவான் என்றே தெரியவில்லை என்று வருஷக்கணக்காகப் புலம்புகிறவர் அவர்.

மூவரும் ஏறினோம். உள்ளேயும் ஆசாரியர் ஐந்தாம் எண்ணைக் குத்தினார். கதவு மூடியது, குத்தினார். கிளம்பியது, அப்போதும் குத்தினார். இரண்டாவது மாடி தாண்டியதும் பட்டன் பலகை ஆட்டம் கண்டு உள்ளே போனது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

"பெருமாளே!" என்றார் ஆசாரியர். கணீர்க் குரலைக் காணோம். அடுத்த கணம் அபாய மணியை அழுத்தினார், கதவைத் தட்டினார், வாட்ச்மேனைக் கூப்பிட்டார், என் வீட்டுக்காரர் முழங்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கயிறு எத்தனை இருக்கு?"

"அஞ்சு, ஸ்வாமி."

"அஞ்சும் நல்லா இருக்கா?"

"போன வாரம்தான் அடியேன் பார்த்தேன்."

"பிரேக் ஒண்ணுதானா? ரெண்டா?"

என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "ஸ்வாமி… நம்பிக்கை?"

"நம்பிக்கை வைகுண்டத்துக்குப்பா! இது மூணாவது மாடி!"

சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். நான் சிரிப்பை அடக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் பையிலிருந்து திருப்புளியை எடுத்துப் பலகையைக் கழற்றினார். பின்னால் ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது. அதை எட்டிப் பிடிக்கக் குனிந்து முழங்கைவரை கையை விட்டார். அப்போது 'டக்' என்று ஒரு சத்தம். வெளி ஹூக் தெறித்து ஆசாரியர் கால் கட்டைவிரலில் பட்டது. "கயிறு அறுந்துபோச்சு!" என்று அவர் அலறினார்.

பேண்ட் ஒரு விரற்கடை இறங்கி, அப்படியே நின்றது.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். கையை உள்ளே விட்டுத் தடவினார். அவர் விரல் அந்த ஹூக்கில் நின்றதை நான் பார்த்தேன்.

"இது என்ன?"

"நான்தாங்க தைச்சேன். உங்களுக்குத் தெரியாம. எல்லாத்துலயும்." அதற்கு மேல் அவரைப் பார்க்க முடியாமல் ஆசாரியரிடம் திரும்பினேன். "ஸ்வாமி, இதனால இவரோட சரணாகதி கெட்டுப்போச்சா? உண்மையைச் சொல்லுங்க. பாவம் வந்தா அது எனக்கு வரட்டும்."

ஆசாரியர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதில் என் வீட்டுக்காரரிடமிருந்து வந்தது. ஒரு கையால் பேண்டைத் தடவியபடி, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி பேசினார்.

"லிஃப்ட்ல ஏறுறவன் பட்டனை ஒரு தடவை அமுக்கினா போதும். அவன் வேலை அத்தோட முடிஞ்சுது. கயிறு அஞ்சா ஆறாங்கிறது தூக்கறவர் பாடு. ஏறுறவன் நம்பி நிக்கணும்னா, மேல யாராவது கயிறு மாட்டித்தான் ஆகணும். பெருமாள் யார் கையால வேணா மாட்டுவார்." என்னைப் பார்த்தார். "நான் என்னடான்னா, அவர் மாட்டின கயிறை எல்லாம் ஒண்ணொண்ணா அவுத்துப் போட்டுட்டு, அதுக்கு நம்பிக்கைன்னு பேர் வச்சுட்டேன்."

"ஆஹா!" என்றார் ஆசாரியர். குரல் திரும்பி வந்துவிட்டது. "ரொம்ப நல்ல திருஷ்டாந்தம். அடுத்த வாரம் இதைச் சொல்லிக்கலாமா?"

"தாராளமா. ஆனா ஸ்வாமி, பட்டனை ஒரு தடவைதான் அமுக்கணும். அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

ஆசாரியர் ஐந்தாம் எண் இருந்த ஓட்டையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒயரை மாட்டியாயிற்று. பலகை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. இடுக்கில் செருக ஏதாவது வேண்டியிருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, எட்டாக மடித்து, உள்ளே வைத்து அழுத்தித் திருகினார். எந்தக் காகிதம் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, கண்ணும் கலங்கிவிட்டது. ஆசாரியர் பயபக்தியோடு ஒரே ஒரு தடவை பட்டனைத் தொட்டார். லிஃப்ட் ஏறியது.

திரும்பும்போது நாங்கள் இருவர் மட்டும். அவர் கீழ்த்தளத்தை ஒரு தடவை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"அஞ்சு கயிறுன்னு ஆசாரியர்கிட்ட தப்பாச் சொல்லிட்டேன்."

"ஏன், இல்லையா?"

"ஆறு," என்று அவர் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.