வெள்ளிக்கிழமையே போன கோழி

சாவி சனிக்கிழமை காலையில்தான் டெலியாவின் கைக்கு வந்தது. நில அலுவலகம் கட்டிக்கொடுத்த ஓட்டு வீடு. திங்கள் நண்பகலுக்குள் குடியேறாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த அடுத்த ஆள் பக்கத்து நிலத்துக்காரன் ஃபெஸ்டஸ். பழைய குடிசையின் கூரை ஒழுகி ஒழுகி, டெலியாவின் மகளுக்கு மூன்று குளிர்காலமாக இருமல் நிற்கவில்லை. இந்த வீட்டை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமே இல்லை.

சனிக்கிழமை வீடு மாறினால் அங்கே நிலைக்க மாட்டார்கள் என்பது அயர்லாந்தின் மேயோவில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஞாயிறு வண்டி பூட்டக் கூடாது. திங்களோ அந்த வருஷத்துக் குறுக்கு நாள். போன டிசம்பரில் மாசில்லாக் குழந்தைகள் திருநாள் திங்களில் விழுந்ததால், வருஷம் முழுக்க எந்தத் திங்களிலும் எதையும் தொடங்கக் கூடாது. இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் ஃபெஸ்டஸ், குடிசை வாசலுக்கு மேசையை இழுத்துக்கொண்டிருந்த டெலியாவின் முன் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான்.

"பாவம் டெலியா நீ. என் தங்கச்சி சனிக்கிழமைதான் வீடு மாறுனா. ஒரு வருஷம் தாங்கல."

"உன் தங்கச்சி புருஷன் குடிச்சே அழிச்சான். அதுக்குக் கிழமை என்னப்பா பண்ணும்?"

சொன்னாளே தவிர, அவளும் கிழமை பார்க்கிறவள்தான்.

"அப்போ இன்னிக்கே மாறப் போறியா? துணிஞ்ச கட்டைதான்."

"இன்னிக்கு எதுக்கு? நான் நேத்தே மாறிட்டேன். மேல பாரு."

மேட்டில் புது வீட்டின் புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"தச்சன் மரச்சீவல எரிக்கிறான்னுல்ல நெனச்சேன்."

"அது என் அடுப்புக் கங்கு. நேத்து அவன் கதவு மாட்டிட்டு இருந்தப்பவே கங்கு, உப்பு, இடுக்கி, ஒரு கோழி எல்லாம் கொண்டுபோய் வச்சுட்டேன். நெருப்பு என்னிக்குப் புது வீட்டுக்குப் போச்சோ அன்னிக்கே ஆளும் போனமாதிரி. உங்கம்மாவும் இப்படித்தானே மாறுனாங்க?"

ஃபெஸ்டஸ் தலையாட்டினான். அவன் கை சட்டைப் பையை மூடியது.

"பையில என்ன காகிதம்?"

"மனு. வீட்ட எனக்குக் குடுங்கன்னு திங்கக்கிழமை குடுக்கலாம்னு..."

"குறுக்கு நாள்லயா?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவளுடைய கிழமைகளையே எண்ணிக்கொண்டிருந்தவன் தன் கிழமையைப் பார்க்க மறந்திருந்தான். பிறகு தொப்பியைக் கழற்றி, "கடவுள் இந்த வேலைய ஆசீர்வதிக்கட்டும்" என்று முணுமுணுத்தான். வேலை நடக்கிற இடத்தில் அதைச் சொன்னவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. மேசையின் மறுமுனையைப் பிடித்தான்.

"மெதுவா தூக்கு, ஃபெஸ்டஸ்" என்றாள் டெலியா. "அந்தக் கால் கொஞ்சம் ஆடும்."