பாயில் இருப்பவனுக்கு டிலே பெடல்

1

இது கதையாக வந்திருக்கக் கூடாது. வவுனியாவில் இசைக்கருவிக் கடை வைத்திருக்கும் சுதாகரன், தன் முகநூல் பக்கத்தில் போட ஒரு டிலே பெடலைப் பற்றிப் பத்து வரி கேட்டான். பாவிக்க லேசா இல்லையா, அவ்வளவுதான். அதை அவனிடம் வாங்கிய ஒரே ஆளைத் தேடிப்போய் விசாரித்தேன். அங்கேதான் பிசகிப்போனது.

முதல் வரி: இந்தப் பெடல் பாவிக்க மிக லேசு.

இரண்டாம் வரி நான்கு நாட்களாக வரவில்லை.

2

பெடல் சவர்க்காரப் பெட்டி அளவு. கிற்றாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் பூட்டினால், வாசித்த சத்தத்தைக் கொஞ்சம் பிந்தித் திருப்பி அனுப்பும். மேலே நான்கு திருகிகள்: எவ்வளவு பிந்தி, எத்தனை தரம், எவ்வளவு பலமாக, எந்த வகையாக. கீழே காலால் அழுத்த ஒரு பொத்தான். ஒருமுறை அழுத்தினால் வேலை செய்யும், மறுபடி அழுத்தினால் நிற்கும். இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால், அதன்பிறகு நீங்கள் தட்டும் வேகத்தையே தன் வேகமாக எடுத்துக்கொள்ளும். அதன் மேலுள்ள எழுத்துகள் மட்டும் எறும்புகள் வாசிக்க எழுதியவை போல இருக்கின்றன. மற்றபடி குறை சொல்ல முடியாது.

(வன்னியிலிருந்து எதிரொலி என்று எழுதினால் வாசகர் உடனே வேறு சத்தத்துக்குக் காது கொடுப்பார். இந்தக் கதையில் அது இல்லை. தயவுசெய்து தேடாதீர்கள்.)

3

வாங்கியவன் றொசான். முல்லைத்தீவுக் கரையில் மீன் வாடியொன்றில் ஐஸ் உடைக்கிறவன். மாதா கோயில் பாடகர் குழுவின் ஒரே கிற்றார்காரன்.

பிரான்சுக்குப் போய்விட்ட இரண்டாவது கிற்றார்காரனின் வெற்றிடத்தை நிரப்பத்தான் அவன் அந்தப் பெடலை—

இல்லை. அப்படி ஒருவனும் இருக்கவில்லை. நான் புகுத்தப் பார்த்தேன், றொசான் சிரித்தான். அவனுக்கு அந்தச் சத்தம் பிடித்தது, வாங்கினான்.

வீட்டில் அம்மா சமைக்கும் குசினி வாசலில் நின்றபடி, செருப்புக் காலால் அழுத்தி, அரை மணித்தியாலத்தில் பழகிவிட்டான். பிறகு கோயிலுக்குக் கொண்டுபோனான். அந்தக் கோயிலில் பாடகர் குழு பாயில் சப்பாணி கட்டி இருந்துதான் பாடும். பத்து வருடமாக அவனும் அப்படி இருந்துதான் வாசிக்கிறான். காலால் அழுத்தும் பெட்டியொன்றை வாங்கும்போது, தன் கால்கள் இரண்டும் தொடைக்குக் கீழே மடிந்து கிடக்கும் என்பது அவனுக்கு ஞாபகம் வரவில்லை.*

* விற்ற சுதாகரனுக்கும் வரவில்லை. எழுதிக்கொண்டிருந்த எனக்கும் மூன்றாம் நாள்தான் வந்தது.

4

கோயில் பெருநாளுக்கு முந்திய ஒன்பது நாள் நவநாள் வழிபாட்டின் முதல் மாலை, வலது காலை நீட்டிப் பெருவிரலால் அழுத்தினான். விரலில் தசை பிடித்துக்கொண்டது. எடுப்பதற்குள் இரண்டு விநாடி கடந்தது. அதன்பிறகு அந்த விரல் துடித்த துடிப்பையெல்லாம் பெடல் பயபக்தியோடு தன் வேகமாக ஏற்றுக்கொண்டது. குழுவின் பதினொரு பேரில் பாதிப்பேர் கிற்றாரோடு பாடினார்கள், மீதிப்பேர் திரும்பி வந்த சத்தத்தோடு பாடினார்கள். இரண்டு கட்சியும் வெவ்வேறு நேரத்தில் ஆமென் சொல்லி முடித்தன.

குழுவை நடத்தும் ஞானமலர் ரீச்சர் பூசை முடியும்வரை பொறுத்திருந்தார்.

“தம்பி, ஒருக்காப் பாடினாலே மாதாவுக்குக் கேக்கும். திருப்பித் திருப்பிச் சொல்ல அவா என்ன செவிடே?”

றொசான் வயரைச் சுருட்டினான்.

“பெருநாளண்டைக்கும் இப்பிடிப் பிசகிச்சுதெண்டா, புதுக்குடியிருப்பு ஜனார்த்தனன்ரை கீபோர்ட்டுக்குச் சொல்லிப்போடுவன். நீ சனத்தோடை இருந்து கும்பிடு.”

ஜனார்த்தனனின் கீபோர்ட் தாளத்தையும் தானே போடும். அப்படிப்பட்டது ஒருமுறை உள்ளே வந்தால் பிறகு வெளியே போகாது. பெருநாளில் பிசகினால் பாயில் றொசானுக்கு இடமில்லை. பெடலை விட்டுவிட்டு வாசிக்க வேண்டியதுதானே என்று கேட்டேன்.

“அந்தச் சத்தத்தை ஒருக்காக் கேட்டாப் பிறகு, வெறும் கிற்றார் தகரத்திலை தட்டின மாதிரிக் கிடக்கு,” என்றான்.

5

இந்த இடத்தில் தங்கை கம்சா வருகிறாள். சிக்கல் வந்ததும் தங்கை முளைப்பது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் அவள் உண்மையிலேயே அதே பாயில் அவனுக்குப் பக்கத்தில் இருந்து பாடுகிறவள். பொத்தானைத் தான் கையால் அழுத்துவதாகச் சொன்னாள். கார்மென்ட்ஸில் மெசின் மிதிப்பதால், பெடலைப் பற்றி அண்ணனைவிடத் தனக்குத் தெரியும் என்பது அவளுடைய வாதம். பயிற்சியில் இரண்டு பாட்டு சரியாக வந்தன. மூன்றாவதில் அவள் பாட்டில் மூழ்கிப்போய் நிறுத்த மறந்தாள். வீட்டில் பெரிய சண்டை.

“அப்ப எழும்பி நிண்டு வாசி அண்ணா. ஆர் உன்னைப் பிடிச்சு இருத்தினது?”

நின்றால், பின்னால் பாயில் இருக்கும் சனத்துக்கு மாதா சுருபம் மறையும். கதிரை போட்டு ஏறி இருந்தாலும் மறையும். அந்தக் கோயிலில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) பெடலை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறான். எல்லோருக்கும் நிம்மதி. கதைக்கு மட்டும் மூச்சு நின்றுவிடுகிறது.

ஆ) எழுந்து நிற்கிறான். கோயில் முழுக்க அவன் சத்தம். ரீச்சரின் கண்ணோரத்தில் நீர்— வெட்டிவிட்டேன். ரீச்சரை எனக்குத் தெரியும்.

7

நடந்தது இதுதான். இன்று சனிக்கிழமை, கடைசிப் பயிற்சி. றொசான் தோளில் கிற்றாரும் கையில் ஓர் உரப்பையுமாக வந்தான். உரப்பைக்குள் வீட்டுத் திருவலை. தேங்காய் திருவ அம்மா ஏறி இருக்கும் அந்தக் கட்டை ஒரு சாண் உயரம்தான். அதில் இருந்தால் தலை மற்றவர்களைவிடக் கொஞ்சமே உயரும், கால் நிலத்தில் இருக்கும். அதன் இரும்பு அலகைச் சீலையால் சுற்றியிருந்தான். அம்மா சம்பலுக்கு என்ன செய்வார் என்று கம்சா கேட்டாள். பாயில் இருந்தவர்கள் நிலத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வெறுங்காலால் அழுத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

ரீச்சர் அவனுக்குப் பின்னால் போய்ச் சனம் இருக்கும் இடத்தில் தானும் இருந்து, சுருபம் தெரிகிறதா என்று பார்த்தார். கழுத்தை அப்படியும் இப்படியும் திருப்பினார். பிறகு எழும்பி வந்தார்.

“அலகைக் கழட்டிப்போட்டு இரு. ஜனார்த்தனனையும் நாளைக்கு வரச்சொல்லித்தான் இருக்கிறன். வெளியிலை நிப்பார்.”

8

சுதாகரனுக்கு இன்றே அனுப்ப வேண்டும். பத்து வரி வரவில்லை. இரண்டு வரி அனுப்பினேன்:

இந்தப் பெடல் பாவிக்க லேசு. இருக்க ஒரு திருவலை தேவை.

பெருநாள் பூசை நாளைக் காலை. முதல் பாட்டுக்கு றொசான் காலைத் தூக்குவான். வாசலில் ஜனார்த்தனன் கீபோர்ட் உறையில் கை வைத்தபடி நிற்பார். அந்தக் கால் இறங்குவதை நான் எழுதப்போவதில்லை. நீங்களே இறக்குங்கள். இரண்டு விநாடிக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.